போர்க்கால ஜெர்மன் விமானப் பாகங்கள்: அடையாளம் காணவும் சேகரிக்கவும் ஒரு தொடக்க வழிகாட்டி

1940 கோடையில் தென்கிழக்கு இங்கிலாந்தின் வயல்களில் ஜெர்மன் விமானங்கள் ஏறக்குறைய நாள்தோறும் விழுந்தன. ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நீடித்த ‘பிரிட்டன் போர்’ என்ற அந்த இரண்டாம் உலகப் போர்க்கால வான்போரின்போது கென்ட், சசெக்ஸ் பகுதிச் சிறுவர்கள் சைக்கிளில் விரைந்து போய், காவலுக்கு நின்ற சிப்பாயின் கண்ணில் படாமல் ஆளுக்கொரு துண்டை எடுத்து வந்தார்கள். பெரிய உடற்பகுதிகள் லாரியில் ஏறி, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்திலிருந்த கௌலி கிடங்குக்குப் போய் உருக்கப்பட்டன. சிறுவர்கள் எடுத்த துண்டுகள் பரணிலும் தோட்டக் கொட்டகையிலும் தங்கிவிட்டன. அந்தத் தலைமுறை மறைய மறைய, இப்போது அவை ஏலத்துக்கும் பழம்பொருள் சந்தைக்கும் வந்துகொண்டிருக்கின்றன.

புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் இரண்டு தவறான வழிகளில் ஒன்றில்தான் பெரும்பாலும் நுழைகிறார்கள். ஒன்று, மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவது. மற்றொன்று, கழுகுச் சின்னத்தையும் சுவஸ்திகாவையும் பார்த்து மயங்கிப் பணத்தைக் கொட்டுவது. இரண்டையும் விட்டுவிட்டு, எண்களைப் படிக்கப் பழகிக்கொண்டால், சாதாரண விலைக்கு வரும் கசங்கிய அலுமினியத் துண்டு ஒன்று எந்த விமானம், எந்த நாள், எந்த வயல் என்று சொல்லத் தொடங்கும். அந்த விவரம் இல்லாத துண்டு வெறும் உலோகம்தான். இந்தக் கட்டுரை முழுக்க அந்த விவரத்தை எப்படிப் படிப்பது, எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றியது. சட்டம் தெளிவாகவும் ஆவணங்கள் நிறைவாகவும் இருப்பதால் பிரிட்டனை மையமாக வைத்தே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பிரிட்டனில் 1986ஆம் ஆண்டின் படைத்துறை எச்சங்கள் பாதுகாப்புச் சட்டம், படைப்பணியில் இருந்தபோது விழுந்த எல்லா விமானங்களையும் தானாகவே பாதுகாக்கிறது. எந்த நாட்டு விமானம் என்ற வேறுபாடு இல்லை. விமானம் விழுந்த இடம் என்று தெரிந்தும் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் அங்கே தோண்டுவதும், சிதைவுகளை நகர்த்துவதும், எடுத்துச் செல்வதும் குற்றம். வயலின் உரிமையாளர் சம்மதித்தார் என்பது மட்டும் போதாது. பிரிட்டிஷ் மண்ணில் விழுந்த ஜெர்மன் விமானங்களை பிரிட்டிஷ் அரசு தன்னிடம் சேர்ந்த உடைமையாகவே கருதுகிறது. மனித எச்சங்களோ வெடிக்காத குண்டுகளோ இருக்கக்கூடிய இடங்களுக்கு உரிமம் கிடைப்பது அரிது.

ஆகவே தொடக்கக்காரர் தோண்டப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆர்வம் அடங்கவில்லை என்றால், உரிமம் வாங்கி முறையாக அகழும் விமானத் தொல்லியல் குழு ஒன்றில் சேர்ந்து சில ஆண்டுகள் உடனிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் நிலைமை இன்னும் கடுமை. மண்ணில் புதைந்த வரலாற்றுப் பொருட்களைத் தேட ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனி விதிகள் உண்டு. அனுமதியின்றி டிடெக்டர் பிடித்தால் வழக்குதான். சுவஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது அங்கே குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின்கீழ் தண்டனைக்குரியது. ஆராய்ச்சி, கல்வி, கலை ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கிறது. ஜெர்மன் விற்பனையாளர்கள் படங்களில் அந்தச் சின்னத்தை மறைத்து வைப்பது இதனால்தான். பிரான்சிலும் வரலாற்றுப் பொருட்களை டிடெக்டர் கொண்டு தேட அரசு அனுமதி வேண்டும்.

எண்ணைப் படிப்பது எப்படி

இதுதான் இந்தப் பொழுதுபோக்கின் அடித்தளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஜெர்மன் வான்துறை அமைச்சகம் (சுருக்கமாக ஆர்எல்எம்) எல்லா விமான வகைகளுக்கும் ஒரே வரிசையில் எண் கொடுத்தது. விமான உடலுக்கு 8, எஞ்சினுக்கு 9 என்று முன்னெண். பாகத்தின் மீது 8-109 என்று தொடங்கினால் அது மெஸ்ஸர்ஷ்மிட் 109. 8-110 என்றால் அதே நிறுவனத்தின் இரட்டை எஞ்சின் 110. 8-111 ஹைங்கல் 111, 8-87 யுங்கர்ஸ் 87 (ஸ்டூக்கா), 8-88 யுங்கர்ஸ் 88, 8-17 டோர்னியர் 17, 8-190 ஃபோக்க-வுல்ஃப் 190. எஞ்சினில் 9-601 என்றால் டைம்லர்-பென்ஸ் 601, 9-211 என்றால் யுங்கர்ஸ் யூமோ 211, 9-801 என்றால் பிஎம்டபிள்யூ 801. போரின் தொடக்க காலப் பாகங்களில் அந்த 8 இல்லாமல் 109 என்று மட்டுமே இருப்பதும் உண்டு.

முன்னெண்ணுக்குப் பிறகு ஒரு புள்ளி, அதன் பின் மூன்று இலக்கங்கள் வரும். அந்த மூன்றில் முதல் இலக்கம் பெரும்பாலும் விமானத்தின் எந்தப் பகுதி என்று சொல்கிறது: 1 உடல், 2 சக்கர அமைப்பு, 3 வால், 4 கட்டுப்பாட்டு அமைப்பு, 5 இறக்கை, 6 எஞ்சின் பொருத்தும் பகுதி. இந்த ஆறையும் மனப்பாடம் செய்துகொண்டால், சந்தையில் ஒரு கசங்கிய துண்டைப் புரட்டிப் பார்த்ததுமே இது வாலைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. பாக எண் அந்தப் பாகம் எந்த வகைக்காக வடிவமைக்கப்பட்டது என்று மட்டுமே சொல்லும். எந்த விமானத்திலிருந்து வந்தது என்று சொல்லாது. யுங்கர்ஸ் 88க்காக வரைந்த பாகங்கள் பிற்கால 188இலும் பொருத்தப்பட்டன. ஆகவே 8-88 என்ற எண்ணைப் பார்த்து ‘இது இன்ன நாளில் இன்ன ஊரில் விழுந்த விமானம்’ என்று யாராவது சொன்னால், அந்த ஊரும் நாளும் வேறு எங்கிருந்து கிடைத்தன என்று கேளுங்கள்.

குறிப்பிட்ட ஒரு விமானத்தைக் காட்டுவது வெர்க்நும்மர் என்ற உற்பத்தி எண். விமானத்தின் முதன்மைத் தகட்டில் வகை, உற்பத்தி எண், தயாரிப்பாளர் ஆகியவை இருக்கும். ஆனால் கவனியுங்கள்: எஞ்சின், ரேடியோ, பம்பு என்று ஒவ்வொரு உபகரணத்துக்கும் தனித்தனி தகடும் தனித்தனி வெர்க்நும்மரும் உண்டு. பம்பின் வரிசை எண்ணை விமானத்தின் எண்ணாக எடுத்துக்கொண்டு பட்டியல்களில் தேடி நாட்களை வீணாக்குவது புதியவர்கள் எல்லோருக்கும் நடப்பது.

விமானி அறையின் கருவிகளில் எஃப், எல் என்ற இரண்டு எழுத்துகளும் அதைத் தொடர்ந்து ஐந்து இலக்கங்களும் இருக்கும். இது படைக்கிடங்கில் அந்தக் கருவியைக் கேட்டு வாங்கும் எண். விமானி அறைக் கடிகாரத்துக்கு 23885. யுங்ஹான்ஸ் நிறுவனம் செய்த கடிகாரம் அந்த எண்ணோடு அடிக்கடி விற்பனைக்கு வருகிறது. ரேடியோ, தொடர்புக் கருவிகளில் எல், என் என்ற எழுத்துகள் வரும்.

சிறு பாகங்களில் மூன்று சிறிய எழுத்துகள் மட்டும் பொறித்திருந்தால் அது தயாரிப்பாளரின் மறைகுறி. பி-ஒய்-எஃப் என்றால் ஓபர்ண்டார்ஃப் ஊரின் மவுசர் ஆயுதத் தொழிற்சாலை. பி-எல்-சி என்றால் யேனா நகரின் கார்ல் ஸைஸ். பி-இ-எச் என்றால் வெட்ஸ்லர் நகரின் லைட்ஸ். தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. மறைகுறிக்கு முந்தைய பாகங்களில் நிறுவனப் பெயரே வெளிப்படையாக இருக்கும்: கருவிகளில் அஸ்கானியா, சீமன்ஸ், ஃபூஸ், மின் பாகங்களில் போஷ், ரேடியோவில் லோரன்ஸ், டெலிஃபுங்கன், புரொப்பெல்லரில் விடிஎம். இவற்றோடு, ஆய்வாளர் சரிபார்த்ததற்கு அடையாளமாகச் சின்னஞ்சிறு முத்திரைகளும் இருக்கும். பூதக்கண்ணாடி இல்லாமல் அவை கண்ணுக்குப் படாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எண் இல்லாத துண்டு

விமானம் வேகமாக மோதிச் சிதறியதால் பெரும்பாலான துண்டுகளில் எண்ணே இருக்காது. அப்போது வண்ணமும் உலோகமும் அளவும் பேச வேண்டும்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு வெளித்தகடு கையில் கிடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். உட்புறத்தில் சாம்பலும் பச்சையும் கலந்த மங்கிய பூச்சு ஒட்டியிருந்தால் அது ஆர்எல்எம் வண்ணப் பட்டியலின் 02ஆம் எண் பூச்சாக இருக்கலாம். சக்கரக் குழியிலும் விமானத்தின் உள்ளெலும்புகளிலும் பூசியது அது. வெளிப்புறத்தில் வெளிர்நீலம் தெரிந்தால் அடிப்பக்கம் (ஆர்எல்எம் 65, பின்னாளில் 76). கரும்பச்சையும் அடர்பச்சையும் குண்டுவீச்சு விமானங்களின் மேற்பக்கம் (70, 71). சாம்பல் சாயல்கள் என்றால் 1941க்குப் பிந்தைய சண்டை விமானமாக இருக்க வாய்ப்பு அதிகம் (74, 75). கிட்டத்தட்டக் கறுப்பான சாம்பல், பிற்கால விமானி அறையின் உட்பூச்சு (66). நாள்பட்ட பூச்சு நிறம் மாறும், மண்ணில் கிடந்தது இன்னும் மாறும். வண்ணத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

அடுத்து, தகட்டின் மீது மங்கலான மை எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினிய ஆலையில் தகட்டின் மேல் உருட்டிய அச்சு பூச்சுக்கு அடியில் இன்னும் தெரியும். ‘ஆல்கோவா 24எஸ்டி’ என்றிருந்தால் அமெரிக்கத் தகடு. கிரீடத்தோடு ஏ, எம் எழுத்துகள் இருந்தால் பிரிட்டிஷ் வான் அமைச்சகத்தின் பாகம். பாக எண் 300 என்று தொடங்கினால் பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயராக இருக்கலாம். ஒரே வயலில் இரண்டு தரப்பு விமானங்களும் விழுந்திருப்பதால், ஜெர்மன் துண்டு என்று விற்கும் பெட்டியில் ஸ்பிட்ஃபயர் துண்டு கிடப்பது சாதாரணம்.

ஜெர்மன் பாகங்களின் திருகுகள் மெட்ரிக் அளவு. பிரிட்டிஷ், அமெரிக்கப் பாகங்கள் அங்குலக் கணக்கு. துருப்பிடிக்காத ஒரு போல்ட் கிடைத்தாலும் போதும், மில்லிமீட்டர் ஸ்பேனர் சிக்கெனப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடலாம். குழாய்களில் சுற்றிய வண்ணப் பட்டையும் உதவும்: மஞ்சள் எரிபொருள், பழுப்பு எஞ்சின் எண்ணெய், பச்சை குளிர்விக்கும் நீர், நீலம் ஆக்சிஜன், சிவப்பு தீயணைப்பு. எரிபொருள் தொட்டியின் வாயருகே 87 என்ற எண்ணோடு மஞ்சள் முக்கோணம் இருந்தால், அந்த எஞ்சின் 87 ஆக்டேன் பெட்ரோலில் ஓடியது என்று பொருள். அந்த முக்கோணம் முழுதாக உள்ள தகடு சேகரிப்பவர்களின் கனவு.

எஞ்சின் பாகம் என்றால் வேலை இன்னும் சுலபம். பிஸ்டனின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்துவிடுங்கள். டைம்லர்-பென்ஸ் 601, யூமோ 211 இரண்டுக்கும் 150 மில்லிமீட்டர். டைம்லர்-பென்ஸ் 605க்கு 154. பிஎம்டபிள்யூ 801க்கு 156. ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் இரண்டிலும் இருந்த மெர்லின் எஞ்சினுக்கு ஏறத்தாழ 137. இந்த ஐந்து எண்கள், பல ‘மெஸ்ஸர்ஷ்மிட் பிஸ்டன்’களின் உண்மையை ஒரு நிமிடத்தில் வெளிக்கொண்டுவந்துவிடும். 601க்கும் 211க்கும் விட்டம் ஒன்றே என்பதால் அவற்றைப் பிரிக்க எண்ணோ வேறு பாகமோ வேண்டும். இந்த ஜெர்மன் எஞ்சின்கள் எல்லாவற்றிலும் எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் அமைப்பு உண்டு. அன்றைய மெர்லினில் கார்புரேட்டர். பீய்ச்சும் குழல்முனை கிடைத்தால் அது ஜெர்மன் என்பதற்கு வலுவான சான்று.

கருவி முகப்பில் மணிக்குக் கிலோமீட்டர், உயரத்துக்குக் கிலோமீட்டர், எஞ்சின் உள்ளழுத்தத்துக்கு ‘ஏடிஏ’ என்றிருந்தால் ஜெர்மன். மைல், அடி, பவுண்டு என்றிருந்தால் பிரிட்டிஷ்.

தொடும் முன் அறிய வேண்டிய ஆபத்துகள்

முதலில் வெடிபொருள். 1940 கோடையிலிருந்து ஜெர்மன் சண்டை விமானங்களின் 20 மில்லிமீட்டர் பீரங்கிகளில் மெல்லிய சுவரும் உள்ளே நிறைய வெடிமருந்தும் கொண்ட குண்டுகள் வந்தன. எண்பது ஆண்டு கழிந்தும் அவை செத்துவிடவில்லை. எலெக்ட்ரான் என்ற மெக்னீசியக் கலவையில் செய்த ஒரு கிலோ எடைத் தீக்குண்டுகள் லண்டன் மீது ஏராளமாக வீசப்பட்டன. அவற்றின் வால் சிறகுகள் சந்தையில் நினைவுப்பொருளாக விற்கின்றன. சிறகு மட்டும் என்றால் பரவாயில்லை, உடலோடு சேர்ந்திருந்தால் தொடாதீர்கள். சந்தேகப்படும்படி எதைக் கண்டாலும் எடுக்காமல், அசைக்காமல், இடத்தை மனதில் குறித்துக்கொண்டு விலகிப் போய்க் காவல்துறையை அழையுங்கள், பிரிட்டனில் 999. வெற்றுத் தோட்டா உறை என்று விற்பதில்கூட அடியில் உள்ள பிரைமர் வெடித்துத் தீர்ந்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ரேடியம். இருட்டில் ஒளிரும் முள்ளும் எண்ணும் கொண்ட கருவிகளில் ரேடியம் கலந்த பூச்சு இருக்கிறது. இப்போது ஒளிரவில்லை என்றால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒளிர்வு தந்த துத்தநாகச் சேர்மம்தான் தேய்ந்துபோனது. ரேடியம் அப்படியே இருக்கிறது, அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 1600 ஆண்டு. கண்ணாடி உடைந்த கருவியை வாங்காதீர்கள். முழுக் கருவியானாலும் திறக்காதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள். காற்றோட்டமுள்ள இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். கெய்கர் அளவி ஒன்று வாங்கிக்கொள்வது நல்ல முதலீடு. சாதாரணத் தபாலில் இவற்றை அனுப்ப முடியாது என்பதையும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, மெக்னீசிய வார்ப்புகள். சக்கர மையம், கியர் உறை போன்றவை எலெக்ட்ரானில் செய்தவை. எடுத்துப் பார்த்தால் அலுமினியத்தைவிடவும் இலகுவாக இருக்கும்; வெண்பொடியாக உதிரும். அரத்தால் தேய்த்தால் விழும் தூள் எளிதில் தீப்பிடிக்கும். கேஸ்கெட்டுகளிலும் வெப்பத் தடுப்புகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; அவற்றைப் பிய்க்காதீர்கள்.

வாங்கும்போது

மிக அதிகமாகப் போலி செய்யப்படுவது பெயர்த்தகடும் சின்னம் வரைந்த வெளித்தகடும். பழைய விமானங்களைப் புதுப்பிப்பவர்களுக்காக நேர்மையாகவே செய்யும் நகல் தகடுகள், கைமாறிக் கைமாறி ‘அசல்’ ஆகிவிடுகின்றன. விழுந்த விமானத்திலிருந்து பிய்த்தெடுத்த தகட்டில் ரிவெட் துளைகள் இழுபட்டிருக்கும், மூலை மடங்கியிருக்கும், பின்புறத்தில் அது ஒட்டியிருந்த பரப்பின் பூச்சு தடம் விட்டிருக்கும். நான்கு துளைகளும் வட்டமாக, சுத்தமாக இருந்தால் அது ஒருபோதும் விமானத்தில் ஏறாத தகடாக இருக்கலாம்.

சின்னம் வரைந்த தகட்டில் ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள்: கிழிந்த விளிம்பு. போர்க்காலப் பூச்சு தகட்டோடு சேர்ந்து கிழிந்திருக்கும். கிழிந்த உலோகத்தின் வெட்டுவாயில் பூச்சு இருக்காது. மடிப்பு விழுந்த இடத்தில் பழைய பூச்சு வெடித்துச் செதிலாக உதிர்ந்திருக்கும். கறுப்புச் சிலுவையின் சாயம் மடிப்புக்குள் வழிந்து, கீறலுக்குள் இறங்கி, கிழிந்த விளிம்பைத் தாண்டி மறுபுறம் எட்டிப் பார்த்தால், அது விமானம் விழுந்த பிறகு யாரோ வரைந்தது. உண்மையான ஜெர்மன் தகட்டின் மேல் பொய்யான சின்னம்; இந்த வகைப் போலியில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், ஏனென்றால் தகட்டின் எண் சரியாகவே இருக்கும்.

போருக்குப் பின்னும் இந்த விமானங்கள் தயாரிக்கப்பட்டன என்பதை மறக்கக் கூடாது. ஸ்பெயினில் காசா நிறுவனம் ஹைங்கல் 111, யுங்கர்ஸ் 52 வகைகளையும் ஹிஸ்பானோ நிறுவனம் 109 வகையையும் கட்டின. செக்கோஸ்லோவாக்கியாவில் அவியா எஸ்-199 வந்தது. பிரான்சில் யுங்கர்ஸ் 52 தொடர்ந்து உருவானது. இவற்றின் பாகங்கள் தம்மளவில் மதிப்பானவைதான், ஆனால் போரில் பறந்தவை அல்ல. தகட்டில் ஸ்பானிய மொழிச் சொல் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் சோதனை.

விற்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த இடத்தில் கிடைத்தது? யார் எடுத்தது, எந்த ஆண்டு? 1986க்குப் பின் அகழ்ந்தது என்றால் உரிம விவரம் எங்கே? பழைய படம், கையெழுத்துச் சீட்டு, குடும்பக் கடிதம் ஏதேனும் உண்டா? ‘சான்றிதழ்’ என்ற அழகான தாளில் இந்த விவரங்கள் இல்லையென்றால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. மாறாக, துருவேறிய சிகரெட் டின்னில் ‘ஜெர்மன் விமானம், ஆகஸ்ட் 1940’ என்று ஒரு சிறுவனின் கையெழுத்தில் இருக்கும் துண்டுச் சீட்டுக்கு நான் கூடுதல் விலை கொடுப்பேன். அந்தச் சீட்டையும் டின்னையும் பிரித்து விற்க முயன்றால் மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்.

தொடக்கத்தில் சிறு கட்டமைப்புத் துண்டுகள், எண் பொறித்த அடைப்புகள், ஸ்பார்க் பிளக் போன்றவற்றில் பழகுங்கள். கட்டுப்பாட்டுக் கோல், குறிபார்க்கும் கருவி போன்ற பெரும் விலைப் பொருட்களுக்குக் கண் பழகிய பிறகு போகலாம். ஹாக்கிஞ்சில் உள்ள கென்ட் பிரிட்டன் போர் அருங்காட்சியகம், டாங்மியர் விமான அருங்காட்சியகம், லண்டனிலும் காஸ்ஃபோர்டிலும் உள்ள ஆர்ஏஎஃப் அருங்காட்சியகம், பெர்லினில் காட்டோ விமானதளத்தில் உள்ள அருங்காட்சியகம் ஆகியவற்றில் உண்மையான பாகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகும்.

சுத்தம் செய்வதும் காப்பதும்

குறைவாகச் செய்வதே நல்லது. கம்பித் தூரிகை, பாலிஷ், வினிகர், காஸ்டிக் சோடா எதுவும் வேண்டாம். காய்ந்த மண்ணை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பூச்சு ஒட்டியிருக்கிறது, உலோகம் உறுதியாக இருக்கிறது என்று தெரிந்த அலுமினியத்தை மட்டும் வெதுவெதுப்பான நீரில் அலசி உடனே நன்றாக உலர்த்தலாம். மெக்னீசிய வார்ப்புக்கும் மை எழுத்துள்ள தகட்டுக்கும் தண்ணீர் ஆகாது. உலர்ந்த பின் அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மெல்லப் பூசி, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய பெட்டியில் வையுங்கள். நம் ஊர்க் கடற்கரை ஈரப்பதத்தில் வைத்திருப்பவர்கள் ஜெல் பைகளை அடிக்கடி மாற்ற வேண்டும். களிமண்ணில் கிடந்து வந்த துண்டில் இன்னும் எண்ணெய் வாடை இருந்தால், அதைப் போக்க முயல வேண்டாம்.

கடலிலிருந்து வந்த பாகங்களைப் புதியவர் வாங்காமல் இருப்பதே மேல். 1940 ஆகஸ்ட் 26 அன்று விழுந்த டோர்னியர் 17 ஒன்றை 2013 ஜூனில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டிலிருந்து தூக்கினார்கள். உப்பையும் கடல் படிவங்களையும் அகற்ற, காஸ்ஃபோர்டில் சுரங்கம் போல நீண்ட கூடாரங்களுக்குள் வைத்துச் சிட்ரிக் அமிலக் கரைசலை ஆண்டுக்கணக்கில் தெளிக்க வேண்டியிருந்தது. வீட்டில் அதற்கு வழியில்லை.

துண்டின் கதையைத் தேடுவது

இடமும் நாளும் ஓரளவு தெரிந்துவிட்டால் தேடலாம். போரின்போது, விழுந்த எதிரி விமானம் ஒவ்வொன்றையும் பிரிட்டிஷ் வான்படையின் ஏஐ1(ஜி) என்ற உளவுப் பிரிவு போய்ப் பார்த்து, தகடு எண், ஆயுதம், எஞ்சின், குறியீட்டு எழுத்து என்று அறிக்கை எழுதியது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்த அறிக்கைகளைத் தேடலாம். ஜெர்மன் தரப்பின் இழப்புப் பட்டியல்களுக்கு ஃப்ரைபர்க் நகரில் உள்ள ராணுவ ஆவணக் காப்பகம். இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படிப்பது அவசியம். 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. உண்மையான இழப்பு ஏறத்தாழ 60. செய்தித்தாள் எண்ணிக்கையை நம்பித் துண்டைப் பொருத்தினால் இல்லாத விமானத்துக்கு அது சொந்தமாகிவிடும்.

தேடும்போது 234ஆம் ஸ்குவாட்ரன் கண்ணில் படும். 1940 ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மிடில் வாலப் தளத்திலிருந்து ஸ்பிட்ஃபயர்களில் பறந்த பிரிவு அது. ‘மதராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கிய ஸ்குவாட்ரன்களில் ஒன்று. 79, 264 ஆகியவையும் அதே பெயர் பெற்றவை. மதராஸ் மாகாணத்திலிருந்து போன போர் நன்கொடையை மதித்துச் சூட்டிய பெயர். அவர்களோடு மோதி விழுந்த ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்டின் துண்டு தமிழ்ச் சேகரிப்பாளர் ஒருவரிடம் இருப்பது பொருத்தமாகவே இருக்கும்.

தேடலின் முடிவில் பெரும்பாலும் ஒரு பெயர் வரும்: விமானியுடையது, அல்லது உடன் பறந்தவர்களுடையது. அவர்களில் பலர் இருபது வயதைச் சுற்றியவர்கள். இரண்டு உலகப் போர்களிலுமாகப் பிரிட்டனில் இறந்த ஜெர்மானியரில் ஏறத்தாழ 5000 பேர் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள கானக் சேஸ் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். ஆகவே அடையாள வில்லை, பணப்பை, கடிதம், உடையின் பகுதி போன்ற தனிப்பட்ட பொருட்களைச் சேகரிப்பில் சேர்க்காதீர்கள். அவை விற்பனைக்கு வந்தால் வாங்க மறுத்து, பாதுகாப்பு அமைச்சகத்திடம் தெரிவிக்கச் சொல்லுங்கள். ஜெர்மன் போர்க்கல்லறைகளைப் பேணும் ஃபோல்க்ஸ்பண்ட் அமைப்பு காணாமல்போன வீரர்களைப் பற்றிய விவரங்களைத் தேடித் தொகுக்கிறது. உங்கள் தேடலில் ஒரு பெயரும் இடமும் உறுதியாகப் பொருந்தினால் அவர்களுக்கு எழுதுங்கள்.

பதிவேடு

வாங்கிய அன்றே எழுதுங்கள்: எண், அளவு, எடை, பூச்சு, முன்னும் பின்னும் அளவுகோலோடு படம், யாரிடம் எப்போது வாங்கியது, அவர் சொன்னது என்ன. அவர் சொன்னதையும் நீங்கள் ஆவணத்தில் கண்டதையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். கலந்துவிட்டால் பின்னால் பிரிக்க முடியாது. துண்டின் மேல் பேனாவால் எண் போடாதீர்கள், ஒட்டுநாடாவும் ஒட்டாதீர்கள். அமிலம் நீக்கிய அட்டையில் பென்சிலால் எழுதி, பருத்தி நூலால் கட்டுங்கள். அட்டை கழன்றாலும் பெட்டியும் பதிவேடும் ஒன்றையொன்று காட்டும்படி இரண்டிலும் ஒரே எண்ணை இடுங்கள். பதிவேட்டின் நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே, நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும்.